வெட்டி மறைத்த ஓரம்

காலையிலிருந்தே ஜெகதீஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவாள், எழும்புவாள், ஜன்னலுக்குப் போய் கீழே காலி வீதியில் ஓடும் வாகனங்களைப் பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடியும் உட்காருவாள். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அவளுடைய விசாரணை அலுவலகம். கலியாணம் பேசும் வீட்டுக்காரருக்காக மாப்பிள்ளைமாரைத் துருவுவதுதான் அங்கே அன்றாட வேலை. பையன் குடிப்பானா, டொரொன்டோவில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா, படித்ததாகச் சொன்ன படிப்பு உண்மையா என்று பார்த்துச் சொன்னால் சரி. காணாமல் போன ஒரு குழந்தையைத் தேடித் தரச் சொல்லி யாரும் அவளிடம் வந்ததில்லை. அன்று காலை ஒருவர் வந்துவிட்டார்.

வந்தவர் உமாசுதன். கோட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் மேலதிகாரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அமைதியான குரல். மனைவி சாம்பவி மூன்று கிழமைக்கு முன்னர், ஆறு வயது மகள் மிதுஷாவையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றார். அவளுக்கு மனதில் வருத்தம், டொக்டர் கொடுத்த குளிசையை நிறுத்திவிட்டாள், எந்த நேரம் என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது என்றார். சொல்லும்போது சத்தமில்லாமல் அழுதார். பொலிஸுக்குப் போனால் அவளுடைய பெயர் கெட்டுவிடும் என்றுதான் இங்கே வந்ததாகவும் சொன்னார். பெண்சாதியின் பெயரைக் காப்பாற்ற நினைக்கிற மனுஷன் என்று ஜெகதீஸ்வரியின் மனம் அந்த இடத்தில் இளகிவிட்டது.

அவர் கையில் இருந்த ஒரே தடயம் ஒரு பிடிஎஃப். சாம்பவி புதிதாகத் திறந்த ஒரு மின்னஞ்சலிலிருந்து அதைத் தன் தாய்க்கு அனுப்பியிருந்தாள். தாய் அதை மருமகனுக்கு அனுப்பிவிட்டார். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாகக் குழந்தையின் பத்துப் படங்கள். முதல் பக்கத்தின் தலையில், 'நாங்கள் யாழ்ப்பாணத்தில் சுகமாக இருக்கிறோம், தேட வேண்டாம்' என்று ஒரு வரி.

உமாசுதன் போனதும் ஜெகதீஸ்வரி தன் உதவியாளன் சுகிர்தனைக் கூப்பிட்டாள். கொட்டாஞ்சேனைப் பெடியன். வாய்தான் அவனுக்கு முதல் ஓடும், மூளை பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து பிடிக்கும். ஆனால் எப்போதும் பிடித்துவிடும்.

"படத்தைப் படமா அனுப்பாமல் ஏன் இப்படிக் கட்டி அனுப்பினவ?" என்று கேட்டாள்.

படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதற்குப் பயந்துதான் பிடிஎஃப் ஆக்கியிருக்கிறாள் என்றான் சுகிர்தன். பார்சல் கட்டினால் உள்ளே இருப்பது இடியப்பமா புட்டா என்று தெரியாது, அந்தக் கணக்குத்தான் என்று உவமை வேறு.

அவன் திரையில் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். முதல் பக்கத்தில் குழந்தை ஒரு மேசைக்குப் பின்னால் நின்றது, பின்சுவரில் ஊதா நிற யானைப் படம் ஒன்று, ஓரத்தில் யாரோ ஒருவருடைய தோள். முன்பல் இரண்டும் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது, ஒரு முன்பல்லைக் காணவில்லை. மூன்றாம் பக்கத்தில் பல் திரும்பவும் இருந்தது.

"அக்கா, பல்லு விழுந்து ஒரு பக்கத்துக்குள்ள முளைச்சிட்டுது. யாழ்ப்பாணத்துத் தண்ணி அப்படி."

ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தாள். நாலாம் பக்கத்திலும் பல் இருந்தது, ஐந்தாம் பக்கத்திலும் இருந்தது. இரண்டாவதாக வந்திருப்பது உண்மையில் கடைசியாக எடுத்த படம். கைத்தொலைபேசி படங்களைத் திகதிப்படி அடுக்கும். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் போட்டுக் கொம்பியூட்டரில் வைத்தால், சில கொம்பியூட்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் பத்தைக் கொண்டுபோய் வைக்கும். அதற்குத் தெரிந்த எண்கணிதம் அவ்வளவுதான். ஆக, இது கொம்பியூட்டரில் செய்தது. வீட்டை விட்டு ஓடுகிறவள் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டாள். ஏதோ ஒரு கடையிலோ அலுவலகத்திலோ செய்திருக்கிறாள்.

"பெயரைப் பாருங்கோவன்," என்றான் சுகிர்தன். அவனுடைய குரலில் பகிடி போய்விட்டிருந்தது.

கோப்பின் பெயர் 'மிதுஷா' என்றுதான் இருந்தது. ஆனால் திரையில் அதைத் திறந்த ஜன்னலின் உச்சியில் வேறு பெயர் தெரிந்தது: 'இளந்தென்றல் கழகம் கரம் சுற்றுப்போட்டி விதிகள்'. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, எழுத்தை அழித்துவிட்டு, அதற்குள்ளேயே படங்களைப் போட்டுச் சேமித்திருக்கிறாள். உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று, பழைய தலைப்பு மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

இளந்தென்றல் எங்கே இருக்கிறது என்று ஜெகதீஸ்வரி கேட்கவே தேவையில்லை. கொட்டாஞ்சேனையில், சுகிர்தனுடைய வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. அந்தக் கரம்போர்ட் சுற்றுப்போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வீட்டுக்குப் போன பெருமை சுகிர்தனுக்கு உண்டு. விதிகளை வாசித்திருந்தால் வென்றிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே கழகச் செயலாளருக்குப் போன் எடுத்தான். விதிகளைத் தட்டச்சு செய்தது போன்ஜீன் வீதியில் ஜவாஹிறா என்பவரின் கொமியூனிகேஷன் கடையில் என்று பதில் வந்தது.

அடுத்த நிமிடம் இருவரும் ஓட்டோவில் இருந்தார்கள்.

வழி முழுக்க ஜெகதீஸ்வரியின் போன் சிணுங்கிக்கொண்டே வந்தது. ஏதும் தெரிந்ததா என்று உமாசுதன் கேட்டார். கொள்ளுப்பிட்டியில் ஒருக்கால், காலிமுகத்திடலில் ஒருக்கால். பிள்ளை சாப்பிட்டிருக்குமோ என்று ஒருக்கால். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஓட்டோ அசையாமல் நின்றபோது இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தாள். வருத்தக்காரத் தாய், சின்னப் பிள்ளை, குளிசை இல்லாத மூன்று கிழமை. அவளுக்கு வேறொன்றும் ஓடவில்லை.

ஜவாஹிறாவின் கடை ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. முன்னால் பிரதி எடுக்கும் இயந்திரம், இரண்டு கொம்பியூட்டர், ஓரத்தில் மாடிக்கு ஏறும் படி, படிக்கு முன்னால் ஒரு பூப்போட்ட திரை. அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்த இரண்டு மூன்று பேர் காத்து நின்றார்கள். பள்ளிக்கூட அனுமதிக்கும் விசாவுக்கும் போனில் எடுத்த படங்களைக் கொண்டுவருகிறவர்களுக்கு அவற்றை ஒரே கோப்பாக்கிக் கொடுப்பதுதான் கடையின் முக்கிய வியாபாரம் என்று வெளியே பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

ஜவாஹிறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்ன வேணும் என்று கேட்டார். ஜெகதீஸ்வரி தான் பிள்ளையின் சின்னம்மா என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டு, இப்படி ஒரு தாயும் மகளும் இங்கே வந்தார்களா என்று விசாரித்தாள்.

"ஆயிரம் பேர் வாற கடை. எனக்குத் தெரியா," என்றார் ஜவாஹிறா. அதைச் சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம்.

ஜெகதீஸ்வரியின் கண் கடையைச் சுற்றி ஓடியது. மேசைக்குப் பின்னால் சுவரில் குழந்தை கீறிய ஒரு படம் ஒட்டியிருந்தது. ஊதா நிறத்தில் ஒரு யானை, அதற்குக் குடை. அதே யானையை முதல் பக்கத்தில், மிதுஷாவின் தலைக்குப் பின்னால், காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் எடுத்ததே இந்தக் கடைக்குள்தான். பிடிஎஃப் செய்ய வந்து போன வாடிக்கைக்காரி இல்லை சாம்பவி. இங்கே வேலை செய்கிறவள். இந்த நேரம் அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பவள்.

ஆளை நேரே கண்டு கதைக்காமல் இடத்தைச் சொல்வதில்லை என்பது அவள் தொழிலில் வைத்திருந்த வழக்கம். மாப்பிள்ளைமார் விஷயத்தில்கூட அதை மீறியதில்லை. ஆனால் அந்த நேரம் போன் மறுபடியும் சிணுங்கியது. பிள்ளை உயிரோடு இருக்கா என்று மட்டும் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தார் உமாசுதன். விரல் தானாக ஓடியது. பிள்ளை கொட்டாஞ்சேனையில் என்று எழுதி, கடையின் இடத்தையும் வரைபடத்தில் குத்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. நான் கிட்டத்தான் நிற்கிறேன், வருகிறேன் என்று.

சுகிர்தன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அயலில் காட்டி விசாரிக்கக் குழந்தையின் முகம் பெரிதாக வேண்டும் என்று, ஒரு வாடிக்கைக்காரனைப் போல மற்றக் கொம்பியூட்டரில் உட்கார்ந்து அந்தப் பிடிஎஃபைத் திறந்திருந்தான். வாசிக்கும் மென்பொருளில் அல்ல, திருத்தும் மென்பொருளில். குழந்தையின் முகத்தைத் தனியே எடுக்க முதல் படத்தைச் சொடுக்கினான்.

படம் அகன்றது.

அதுவரை பார்த்தது படத்தின் பாதிதான். கத்தரித்த மிச்சம் எங்கேயும் போகவில்லை, திரை இழுத்து மூடியது போல உள்ளேயே கிடந்தது. மிதுஷாவின் பக்கத்தில் காலையில் தெரிந்த ஒற்றைத் தோள், இப்போது முழுப் பெண்ணாக எழுந்து நின்றது. ஒரு கண் கறுத்து வீங்கி மூடியிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. அதற்கு மேலே, ஜாக்கெட் கைக்கும் முழங்கைக்கும் இடையில், நீலம் பாரித்த தழும்புகள் வரிசையாக இருந்தன.

சுகிர்தன் அடுத்த படத்தைச் சொடுக்கினான். அடுத்ததை. எல்லாவற்றிலும் ஓரத்தில் அவள் இருந்தாள். எடுத்த வரிசைப்படி பார்த்தால் கண்ணின் கறுப்பு மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கட்டு அப்படியே இருந்தது.

"அக்கா," என்றான். "இவ பைத்தியம் பிடிச்சு ஓடேல்லை. உயிரைப் பிடிச்சுக்கொண்டு ஓடினவ."

ஜெகதீஸ்வரி போனைத் தூக்கி, அனுப்பிய செய்தியை அழித்தாள். அழித்து என்ன பயன், அவர் பார்த்துப் பதிலும் போட்டாயிற்று. கொள்ளுப்பிட்டியில் ஒரு இடத்தைக் குத்தி, பிழையாக அனுப்பிவிட்டேன், இதுதான் சரியான இடம் என்று எழுதும்படி சுகிர்தன் சொன்னான். அவள் அனுப்பினாள். அந்தச் செய்திக்குப் பக்கத்தில், பார்த்ததைக் காட்டும் நீலக் குறி விழவில்லை. மனுஷன் கார் ஓடிக்கொண்டிருக்கிறான், இனிப் பார்க்கமாட்டான்.

ஜவாஹிறா திரையில் இருந்த படத்தைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார். யார் அனுப்பி வந்தீர்கள் என்று கேட்டார். ஜெகதீஸ்வரி பொய் சொல்லவில்லை. புருஷன் அனுப்பி வந்தோம், இந்த இடத்தை அவருக்குச் சொல்லிவிட்டேன், அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது பூப்போட்ட திரை விலகியது.

சாம்பவி மெலிந்து, படத்தில் இருந்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கத்தவில்லை, ஏசவில்லை. பிள்ளை மேலே கீறிக்கொண்டிருக்கிறாள், அவளைக் கீழே விடாதேங்கோ என்று ஜவாஹிறாவிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

தன் தங்கச்சி நப்லாவின் வீடு ஹெந்தளையில் உண்டு, ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் இந்த நிமிடமே கிளம்பட்டும் என்றார் ஜவாஹிறா. ஜெகதீஸ்வரியும் அதையே சொன்னாள். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள், வீதியை எட்டிப் பார்த்தாள், வந்த கார் ஒவ்வொன்றும் அவருடையதாகத் தெரிந்தது. சுகிர்தன் வெளியே ஓடி ஒரு ஓட்டோவை மறித்து வைத்தான்.

சாம்பவி பையை எடுத்தாள். வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

முதலில் தெஹிவளையில் சிநேகிதி வீட்டில் ஒரு நாள் இருந்ததையும், அங்கே அவர் வந்து நின்றதையும், பிறகு ஹெவ்லொக் டவுனில் ஒரு அறைக்கு மாறி அடுத்த நாளே அங்கேயும் இருக்க முடியாமல் போனதையும் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் இடத்தைச் சொல்லிக் கொடுத்தது நல்ல ஆட்கள்தான். அவர் அழுவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இரங்கும் என்றாள். ஜெகதீஸ்வரி நிலத்தைப் பார்த்தாள்.

"அம்மா தாங்கமாட்டா எண்டு நான்தான் படத்தை எல்லாம் வெட்டினனான். என்ர முகத்தை நானே வெட்டி எறிஞ்சன். அதாலதான் அம்மா இன்னும் அவரை நம்புறா."

பையைக் கீழே வைத்துவிட்டு, சுகிர்தன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இப்போது நேரமில்லை என்று ஜெகதீஸ்வரி கெஞ்சினாள். சாம்பவி கேட்கவில்லை. ஒற்றைக் கையால் ஒவ்வொரு படத்தையும் விரித்தாள். மூடியிருந்த ஓரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மேலே இருந்த யாழ்ப்பாணத்து வரியை அழித்தாள். கோப்பைப் புதிதாகச் சேமித்து, தன் புது போன் இலக்கத்தையும் எழுதித் தாயின் முகவரிக்கு அனுப்பினாள். பிறகு அச்சிடக் கொடுத்தாள். இயந்திரம் இருமிக்கொண்டு முதல் தாளைத் துப்பத் தொடங்கியபோது வாசலில் நிழல் விழுந்தது.

உமாசுதன் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார். முதலில் ஜெகதீஸ்வரிக்கு நன்றி சொன்னார். பிறகு மனைவியிடம், வீட்டை போவம் வா, பிள்ளை எங்கே என்று கேட்டார். அந்தக் குரல் காலையில் கேட்ட அதே அமைதியான குரல். காலையில் அது ஜெகதீஸ்வரிக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது இல்லை. அவள் போய்ப் படிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"நீங்கள் தேடச் சொன்ன ஆளைக் கண்டாச்சு," என்றாள். "கூட்டிக்கொண்டு போறதுக்கு நான் ஒத்துக்கொள்ளேல்லை."

அடையாள அட்டையோடு காத்து நின்ற பெரியவர் இயந்திரத்திலிருந்து விழுந்த தாளை எடுத்தார். தன்னுடையதென்று நினைத்து எடுத்தவர் அதைப் பார்த்தபடியே நின்றார். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். உமாசுதனும் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று ஒரு கணம் அசைந்து, மறுபடியும் சரியானது. அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தவள், அதை இப்படிச் சோடித்து வைத்திருக்கிறாள், இதுதான் அவளுடைய வருத்தம் என்று கடையில் நின்றவர்களுக்கெல்லாம் பொதுவாகச் சொன்னார்.

ஜவாஹிறா தாளை வாங்கி, கையில் வரிசையாக இருந்த நீலத் தழும்புகளின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

"உங்கட வீட்டுக் குளியலறைக்கு அஞ்சு விரல் ஈக்கா, தொரை?"

உமாசுதன் தாள்களைப் பறிக்க இயந்திரத்தை நோக்கிப் பாய்ந்தார். சுகிர்தன் குறுக்கே வந்தான். கலர் பிரிண்ட் சேர், காய விடுங்கோ, உங்களுக்கும் ஒரு செட் தாறம் என்று பணிவாகச் சொன்னான். ஆனால் அவன் விலகவில்லை. பெரியவரும் மற்றவர்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். பேக்கரியில் இருந்து மாப்பூசிய கையோடு இரண்டு பேர் வந்து வாசலில் நின்று, மொகத மே, என்ன இது என்று சிங்களத்தில் விசாரித்தார்கள்.

உமாசுதன் சுற்றிப் பார்த்தார். அழுது காட்டுவதற்கு அங்கே ஒரு முகமும் மிச்சமில்லை. திரும்பி நடந்து, எதிர்ப்பக்கத்தில் நிறுத்தியிருந்த காருக்குள் ஏறினார். ஆனால் காரை எடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் நிலையம் நடக்கிற தூரம்தான். பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாடு கொடுக்கலாம், நானும் சாட்சி சொல்கிறேன், அவர் எனக்கு எழுதியதெல்லாம் போனில் இருக்கிறது என்றாள் ஜெகதீஸ்வரி. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தாள். சாம்பவி வேண்டாம் என்று தலையாட்டினாள். தாள்களை ஒரு உறையில் போட்டுத் தன் நல்ல கையில் வைத்துக்கொண்டாள். சுகிர்தன் காத்திருந்த ஓட்டோவைப் போகச் சொன்னான்.

பிள்ளையை ஜவாஹிறாவிடம் விட்டுவிட்டு மூவரும் வீதியில் இறங்கினார்கள். காரைக் கடந்துதான் போக வேண்டும். ஜெகதீஸ்வரி காரின் பக்கமாக நடந்தாள், சுகிர்தன் பின்னால் வந்தான். காருக்கு நேரே வந்தபோது சாம்பவியின் போன் அடித்தது. திரையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். அம்மா.

நடந்துகொண்டே கதைக்கலாம் என்று ஜெகதீஸ்வரி சொன்னாள். சாம்பவி நகரவில்லை. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் முதலில் பேச்சில்லை, அழுகைதான் கேட்டது. சாம்பவி அது ஓயும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஓம் அம்மா. அது நான்தான். எல்லாம் உண்மை." பிறகு, தாய் எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். சாம்பவி தலையை நிமிர்த்தி, இறக்கிவிட்ட கண்ணாடிக்குள் நேரே பார்த்தாள். குரலைக் குறைக்கவில்லை. "கொட்டாஞ்சேனை, போன்ஜீன் வீதி, ஜவாஹிறா கொமியூனிகேஷன், மேல்மாடி. எழுதிக்கொள்ளுங்கோ அம்மா. நானும் பிள்ளையும் இஞ்சதான் இருப்பம். வாங்கோ."

கார்க் கண்ணாடி மேலே ஏறியது. இயந்திரம் உறுமி, கார் பின்வாங்கித் திரும்பிப் போனது. சாம்பவி அது எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை. தாய்க்கு வழி சொல்லிக்கொண்டே பொலிஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.